பிரேக் போட்ட கால்

வலி இல்லை. நாச்சிமுத்து காரின் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அப்படியே காத்திருந்தார். இத்தனை நாளும் கதவு சாத்துகிற அதிர்ச்சிக்கே இடுப்பிலிருந்து ஒரு கம்பி கிளம்பும். பிட்டத்துக்குள் புகுந்து, தொடைக்குப் பின்னால் ஓடி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கி, வலது கால் கட்டைவிரலில் போய்ச் சுரீர் என்று கடிக்கும். இன்றைக்குக் கிளம்பவில்லை. இடுப்பை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தார். இல்லை. வேண்டுமென்றே ஒரு இருமல் இருமினார். இருமலுக்குத்தான் அது கொன்றெடுக்கும். இல்லை. சும்மா சத்தம் போட்டுக்கொண்டே இருந்த எஞ்சின் ஒரு காலையில் தானாக அடங்கிவிட்ட மாதிரி. எஞ்சின் தானாக அடங்குமா? அடங்காது. ஆனால் உடம்பு எஞ்சின் இல்லை, தன்னைத்தானே சரிபண்ணிக்கொள்ள அதற்குத் தெரியும். கட்டிலை விட்டு எழுந்தபோதே இதைத்தான் பாப்பாத்தியிடம் சொன்னார். "நான் சொல்லல? கத்தி எதுக்கு, கட்டு எதுக்கு? போயிருச்சு பாரு." பாப்பாத்தி காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள். "போச்சுன்னா சந்தோசந்தானுங்க. ஆனா அந்த டாக்டரு கடைசியா என்னமோ சொல்லிக்கிட்டிருந்தாரு. நீங்கதான் சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டே வெளிய வந்துட்டீங்க." சொல்லுவான். அவன் கடை அது. கடை வைத்திருக்கிறவன் வாசலில் நின்று இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லத்தான் செய்வான். பாப்பாத்திக்கு எல்லாவற்றையும் கடைசிவரைக்கும் நின்று கேட்கிற பழக்கம். அவருக்கு இல்லை. முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டிவிட்டு, இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கண்டக்டர் விசிலின் முதல் பாதியிலேயே வண்டியை எடுத்துவிடுகிறவர்.

கோகிலவாணி வந்து ஸ்டியரிங் பக்கம் ஏறினாள். மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்க்கிறவள், நாற்பது தாண்டியவள். அவள் ஏறினால் மஞ்சள் வாசமும் பேச்சும் சேர்ந்தே காருக்குள் ஏறும். "வணக்கமுங்க மாஸ்டர். இன்னைக்கு மூஞ்சி தெளிச்சியா இருக்குது. இடுப்பு எப்பிடிங்க?" "வண்டிய எடு." "கேட்டதுக்குப் பதிலு வராதுங்களா உங்க வாயில?" "போயிருச்சு. எடு." "போயிருச்சுங்களா! எங்க சின்ன மாமனாருக்கு இப்பிடித்தானுங்க..." "கண்ணாடி பாத்தியா?" சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகனைக் கும்பிட்டாள். பிறகு குனிந்து நாச்சிமுத்துவின் காலை ஒரு பார்வை பார்த்தாள். முருகனுக்கு அடுத்தபடி அவள் கும்பிடுவது அதைத்தான். பழகுகிறவர் தடுமாறினால் மிதித்து நிறுத்துவதற்காக அவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் போட்ட கார் அது. "என்ற காலு இதும்மேல இருக்கற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் ஒரே ஒரு தடவை சொல்வார். அதற்குமேல் பேச்சு வராது. சொன்ன சொல் இதுவரை பொய்த்ததில்லை. மற்றவர்கள் பத்து நாளில் அதை மறந்துவிட்டு ஓட்டப் பழகிவிடுவார்கள். கோகிலவாணி மறக்கவில்லை. போன தடவை லைசென்ஸ் டெஸ்ட்டில் இன்ஸ்பெக்டர் பின்சீட்டில் இருந்துகொண்டு, "மாஸ்டர், காலை மேல எடுத்து மடக்கி உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். நாச்சிமுத்து சீட்டில் சம்மணம் போட்டார். அவள் ரோட்டை விட்டுவிட்டு அந்தக் காலையே பார்த்தாள். வண்டி நேராகப் போய் நட்டிருந்த கம்பைச் சாய்த்துவிட்டு நின்றது. "நீங்க பந்தியில உக்காந்தாப்ல உக்காந்துட்டீங்க, நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள் அழுகையோடு. வீட்டுக்காரர் கேலிக்குப் பயந்து ரெண்டு நாள் மண்டியிலேயே சாப்பிட்டாளாம். மறுபடியும் டெஸ்ட் வருகிறது. அவர் கால் இல்லாமல் அவள் ஓட்ட மாட்டாள். அதைத்தான் எப்படிச் சரி செய்வது என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார். கம்பி விட்டால்தானே யோசிக்க.

வண்டி சம்பத் நகரிலிருந்து பெருந்துறை ரோட்டுக்கு ஏறியது. "ரெண்டாவது." போட்டாள். "மூணாவது." போட்டாள், உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தத்தோடு. "கிளட்ச முழுசா மிதிச்சுட்டுப் போடு. அது இரும்பு, உன்ற ஊட்டுக்கு வந்த ஒரம்பரை இல்ல, மரியாதை பாக்க." அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் மனசு லேசாகத்தான் இருந்தது. வலி போனால் ரோடே அகலமாகிவிடுகிறது. புளியமரம் இருந்த இடம், புதிதாக வந்த துணிக்கடை, பேக்கரி வாசலில் டீக்கு நிற்கிற கூட்டம் எல்லாம் இத்தனை நாள் கம்பியின் பின்னால் மங்கலாகத் தெரிந்தவை. அந்த டாக்டர் ஒரு பொடியன். மீசையே இப்போதுதான் ரோசனை பண்ணிக்கொண்டிருக்கிறது. போன வாரம் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டுப் பேனாவால் காட்டினான். முதுகெலும்பு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது, அடுக்குக்கு நடுவே ஒவ்வொரு ஜவ்வு. கீழே நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவிலிருக்கிற ஜவ்வு மட்டும் பின்பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு நின்றது. பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. டயர். பக்கவாட்டில் வீங்கின டயர். டிப்போவில் காலையில் வண்டியைச் சுற்றி வரும்போது அப்படி ஒரு வீக்கம் கண்ணில் பட்டால் எடுக்க மாட்டார், மாத்திக் கொடு என்று நிற்பார், சத்தம் போடுவார். "இதை மாத்த முடியாதா?" என்று டாக்டரிடம் கேட்டார். பொடியன் சிரித்தான். "படத்தைப் பாத்துப் பயந்துக்காதீங்கய்யா. உங்க வயசுல தெருவுல போறவங்களை நிறுத்திப் படம் எடுத்தா பாதிப் பேருக்கு இப்பிடித்தான் இருக்கும். பிதுக்கம் எவ்வளவு பெருசுங்கறது முக்கியமில்ல." அதுதான் கேட்டார். அது போதும் என்று எழுந்தார். பிதுக்கம் பெரிதில்லை. தெருவில் போகிறவனுக்கெல்லாம் இருக்கிறது. பட்டன் போட்டார். பின்னாலே குரல் வந்துகொண்டிருந்தது. பாப்பாத்தி தலையாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மாத்திரை கொடுத்த மருந்துக்கடைக்காரனும் அதைத்தான் சொன்னான், "எனக்கே இருக்குதுங்க, ரெண்டு எடத்துல." அவன் மூட்டை தூக்குகிறான், பைக் ஓட்டுகிறான், பேரம் பேசுகிறான். வீக்கம் வத்தியிருக்கும். டயர் வத்தாது, ஜவ்வு வத்தும். தோசைமாவு மாதிரி அமுங்கிப் போயிருக்கும். கம்பி கிளம்பாததே சாட்சி. "மாஸ்டர், லாரிங்க, லாரி!" "அவன் அவன் ரோட்டுல போறான். நீ உன்ற ரோட்டுல போ."

செருப்பு. அது ஒன்றுதான். முந்தாநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து பூக்காரி கூப்பிட்டாள். "ஏனுங்க பெரியவரே, செருப்பை உட்டுட்டுப் போறீங்களே, எங்களுக்கா?" திரும்பிப் பார்த்தால் வலது கால் செருப்பு அவ்வளவு தூரத்தில் கிடக்கிறது. நடுவில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். அதன்மேல் வெறும் காலோடு நடந்து வந்திருக்கிறார். குத்தவில்லை. வார் தளர்ந்துவிட்டது என்று அன்றைக்கே புதுச்செருப்பு வாங்கினார். வார் நல்ல இறுக்கம். அதுவும் நேற்று வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டது, கால் மட்டும் உள்ளே வந்தது. புதுத்தோல் வழுக்கும். தோல் வழுக்கத்தான் செய்யும். அப்போது அடுப்படியிலிருந்து பாப்பாத்தி எட்டிப் பார்த்தாள். "யாரோ கூட வர்றாங்கன்னு நெனச்சேன். நீங்க வர்ற சத்தம் மாறிப் போச்சுங்க. ஒரு காலு வெக்கறாப்ல, ஒரு காலு அடிக்கறாப்ல. ரெண்டு பேரு நடந்து வர்றாப்ல இருக்குது." "உன்ற காதைப் போயிக் காட்டு" என்றார். அவளுக்கு எப்போதும் வெசனந்தான். வலித்தால் வலிக்கிறதே என்பாள், நின்றால் நின்றுவிட்டதே என்பாள். மாரப்பன் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இப்படி. மாரப்பன். அந்தப் பெயரை இன்றைக்கு நினைக்கக்கூடாது என்று இருந்தார். ஒரே டிப்போ, ஒரே ரூட்டு, ஆளுக்கு ஒரு ஷிப்ட். இவர் இறங்கின சீட்டில் சூடு ஆறுவதற்குள் அவன் ஏறுவான். அவனுக்கும் இதே கம்பி. ஆப்பரேசன் பண்ணினான், படுத்தான். இப்போது கட்டிலோடு, மூத்திரப் பாத்திரத்தோடு, பெண்டாட்டி புரட்டிப் போட்டால் புரள்கிறான். போய்ப் பார்த்தபோது, "வாய்யா, நம்ம ரூட்டு எப்பிடி இருக்குது?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகில் கத்தி வைத்தால் இதுதான் என்று டிப்போவே பேசியது. நாச்சிமுத்துவும் பேசினார். கத்தி வைக்காதவர்கள் நடக்கிறோம், வைத்தவன் படுத்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

"வேகத்தடை." "பாத்துட்டேனுங்க." வண்டி குறைந்து, ஏறி, இறங்கியது. முதுகு குலுங்கியது. கம்பி இல்லை. பேஷ். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே தடையில் அவர் பல்லைக் கடித்த சத்தம் அவளுக்கே கேட்டு, வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணி பாட்டிலைத் திறந்து நீட்டினாள். இன்றைக்கு ஒன்றும் இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு வலி போகுமா? போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போகாதா? காய்ச்சல் கூட இறங்கி இறங்கித்தான் போகும். இது விளக்கை அணைத்த மாதிரி. ராத்திரி படுக்கும்போது இருந்தது, விடியும்போது இல்லை. கரண்ட் போனால் ஷாக் அடிக்காது என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்தது. அது என்ன நினைப்பு? அதைத் தள்ளினார். கரண்ட் இருக்கிற கம்பிதான் கடிக்கும். போன கம்பி கடிக்காது. தள்ளினார். பொடியன் இன்னொன்றும் கேட்டான், அதுதான் கோபம் வந்தது. "ஒண்ணுக்குப் போறது தெரியுதுங்களா? உக்கார்ற எடத்துல மரத்துப் போறாப்ல இருக்குதா?" பக்கத்தில் பாப்பாத்தி நிற்கிறாள், திரைக்கு அந்தப்பக்கம் நர்ஸ் பெண்கள் நிற்கிறார்கள். அறுபத்தஞ்சு வயசு மனுசனிடம் கேட்கிற கேள்வியா அது. "அதெல்லாம் தெரியும்" என்றார், ஹோம்வொர்க் கேட்டால் ஸ்கூல் பையன் சொல்கிற மாதிரி. இன்றைக்குக் காலையில் தெரிந்ததா? தெரிந்தது. சூடு தெரிந்தது, அவசரம் தெரிந்தது. இப்போது எதற்கு இதை நினைக்க வேண்டும்? சீட்டில் கொஞ்சம் அசைந்து பார்த்தார். சீட்டு உறையின் தையல் குத்துவது தெரிந்தது. தெரிகிறது. போதும். "மாஸ்டர், என்னமோ மாதிரி நெளியறீங்க. வலி வந்துருச்சுங்களா?" "ரோட்டைப் பாரு." "ரோட்டைத்தானுங்க பாக்கறேன். ரோட்டுல நீங்களும் இருக்கறீங்கல்ல." திண்டல் மேடு வந்தது. "இறக்கு, ரெண்டாவது." இறக்கினாள். நொறுங்கவில்லை. நல்லாத்தான் போட்டாள். இவள் ஓட்டுவாள். கையும் காலும் பழகிவிட்டது, தலை மட்டும் நம்ப மறுக்கிறது.

மேடு ஏறி இறக்கத்தில் வண்டி கொஞ்சம் வேகம் பிடித்தது. இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு டி.வி.எஸ். வண்டி, பின்னால் ரெண்டு வாழைத்தாரைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு, இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்க்காமல் ரோட்டில் வந்து ஏறியது. நாச்சிமுத்து மிதித்தார். மிதிக்கச் சொன்னார். காலுக்குச் சொல்லி அனுப்பினார். எத்தனை ஆயிரம் தடவை சொல்லாமலே கேட்ட கால். கண் பார்த்ததும் கால் போயிருக்கும், நடுவில் நினைப்பே இருக்காது. இன்றைக்கு நடுவில் ஒரு நினைப்பு இருந்தது. இன்னும் மிதிபடவில்லையே என்கிற நினைப்பு. அதற்கு எவ்வளவு நேரமோ தெரியாது, வாழைத்தாரின் கீழ்ச்சீப்பில் ஒரு காய் மட்டும் பழுத்திருந்ததைப் பார்க்கிற அளவு நேரம் இருந்தது. முழங்கால் போனது. தொடை போனது. பாதம் மட்டும் வரவில்லை. பிறகு கார் முன்னால் ஒரு குத்துக் குத்தி, எஞ்சின் செத்து, நின்றது. வாழைத்தாருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான். டி.வி.எஸ். காரன் காலை ஊன்றித் திரும்பினான். "ஏம்மா, கண்ணு பொடனியிலயா இருக்குது?" கோகிலவாணி ஜன்னலில் தலையை விட்டாள். "சந்துல இருந்து ஏர்றவன்தான்டா நின்னு பாத்து வரோணும்! வாழைத்தாரு கட்டுனவனுக்குக் கழுத்தையும் சேத்துக் கட்டிட்டாங்களா?" "எல் போர்டுக்கு வாயைப் பாரு" என்று முனகிக்கொண்டு அவன் போய்விட்டான். பின்னால் ஹாரன். அவளே எஞ்சினைப் போட்டு, ஓரம் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "நல்லவேளைங்க மாஸ்டர். நீங்க பிரேக் போட்டீங்க. இல்லீன்னா அந்த ஆளு இந்நேரம் தாரோட தாரா கெடந்திருப்பான்."

அவர் குனிந்து பார்த்தார். வலது கால் பெருவிரல் பிரேக் பெடலுக்கு மேலே இல்லை. அடியில் இருந்தது. பெடலுக்கும் தரைக்கும் நடுவே, கதவிடுக்கில் மாட்டின துணி மாதிரி. கையால் முழங்காலைப் பிடித்து வெளியே எடுத்தார். செருப்பு உள்ளேயே நின்றுகொண்டது. பாதத்தைத் தரையில் வைத்து விரலை மேலே தூக்கினார். இடது கால் விரல்கள் தூக்கின. வலதைத் தூக்கினார். தூக்கினார். அந்தப் பாதம் சந்தையில் வாங்கி வந்து வைத்த மாதிரி அங்கே இருந்தது. நகத்தால் மேல்பாதத்தில் கிள்ளினார். யாரோ பக்கத்து அறையில் கிள்ளுகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் பொடியனின் குரல், பட்டன் போடும்போது முதுகுக்குப் பின்னால் வந்த குரல், வார்த்தை விடாமல் காதுக்குள் ஏறியது. காது வாங்கித்தான் வைத்திருந்தது. அவர்தான் எடுத்துப் பார்க்கவில்லை. "பெருசா சின்னதாங்கறது முக்கியமில்லங்கய்யா, அது எதை அமுக்குதுங்கறதுதான் முக்கியம். வலிச்சா நரம்பு கத்துதுன்னு அர்த்தம், உசுரோட இருக்குது. திடீர்னு வலி நின்னு, பாதம் தூக்க வரலைன்னா, அது கத்தறதுக்கும் தெம்பில்லாமப் போயிருச்சுன்னு அர்த்தம். அன்னைக்கு நீங்க மறுநாள்னு ஒத்திப்போடக் கூடாது." அந்த நாளில் பொடியன் குதிகாலால் நடந்து காட்டச் சொன்னான். நடந்தார். வலித்தது, ஆனால் நடந்தார். இப்போது முடியாது. அப்படியென்றால் வீக்கம் வத்தவில்லை. டயர் அப்படியேதான் இருக்கிறது. முந்தாநாள் பஸ் ஸ்டாண்டு ஜல்லி. வாசற்படி. பாப்பாத்திக்குக் கேட்ட ரெண்டு பேர் நடை. அந்த இரண்டாவது ஆள் யார் என்று இப்போது தெரிந்தது. அதைவிட ஒன்று குளிர்ந்து இறங்கியது. நேற்று ரயில்வே கேட் முன்னால் வண்டி நின்றதே, அது யார் போட்டது? அதற்கு முந்தின நாள் ஸ்கூல் பிள்ளைகள் குறுக்கே ஓடினபோது? மிதித்ததாகத்தான் நினைவு. மிதித்தது பெடலையா, தரையில் போட்ட ரப்பர் விரிப்பையா? ஒண்ணும் ஆகாது என்று சொன்ன சொல்லை எத்தனை நாளாக ஒரு விரிப்பின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்? வேர்த்தது. மாரப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மாரப்பா, நீ எப்படிய்யா படுத்தே? கேட்டதும் விடை வந்தது, இத்தனை வருஷம் கண் முன்னாலேயே கிடந்த விடை. அவன் ஆப்பரேசன் பண்ணிப் படுக்கவில்லை. எண்ணெய் போட்டான், கட்டுப் போட்டான், தட்டிவிட்டால் சரியாகும் என்று ஒரு வைத்தியனிடம் ஆறு மாசம் போனான், காலை இழுத்து இழுத்து டிப்போவுக்கு வந்தான். எல்லாம் முடிந்து, பாத்திரம் வைக்கிற நிலைக்கு வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போய் ஆப்பரேசன் பண்ணினார்கள். கத்தி அவனைப் படுக்க வைக்கவில்லை. கத்திக்குப் போகாத அந்த ஆறு மாசம் படுக்க வைத்தது.

சரி. பயப்படுவதற்கும் ஒரு அளவு உண்டு, அதற்குமேல் பயம் வெட்டி வேலை. பிரேக் பிடிக்காத பஸ்ஸை இறக்கத்தில் ஒரு தடவை கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். அன்றைக்கு ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கவில்லை. கியரை இறக்கினார், மண் ஓரத்தில் ஏற்றினார், நிறுத்தினார். ஏன் என்பதை டிப்போவில் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு குரல், பழக அடுத்த ஆள் காத்திருப்பான், அவனையும் முடித்துவிட்டுச் சாயங்காலம் போகலாம், பாப்பாத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, என்று இழுத்தது. மாரப்பனின் குரல். அதை நறுக்கினார். போனை எடுத்தார். "பாப்பாத்தி. அந்தப் படத்தை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வா. இப்ப." அவள் ஏனுங்க என்று ஆரம்பிக்கும் முன்னாலேயே வைத்துவிட்டார். கோகிலவாணி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரிக்கு விடு" என்றார். "யாருக்குங்க?" "எனக்கு." "அய்யோ, வலி வந்துருச்சுங்களா? ஆட்டோ கூப்புடறேன், நீங்க அசையாதீங்க." "ஆட்டோ வேண்டாம். நீ ஓட்டறே." "நீங்க பிரேக்ல காலு..." "அம்மிணி, கேளு. ஒரு தடவதான் சொல்லுவேன். இப்ப பிரேக் போட்டது நானில்ல." அவள் சிரித்தாள், அவர் விளையாட மாட்டார் என்பது நினைவுக்கு வந்து சிரிப்பை நிறுத்தினாள். "பின்ன?" "நீதான். என்ற காலு வரல. பெடலுக்கடியில மாட்டிக்கிச்சு. பாரு." அவள் குனிந்து, பெடலடியில் தனியாக நிற்கிற செருப்பைப் பார்த்தாள். அதை நம்ப அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. "பொய் சொல்றீங்க. என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க." "நான் எந்த நாளு யாரைத் தேத்தியிருக்கறேன்?" "நேத்து ரயில்வே கேட்டுல?" என்று மெதுவாகக் கேட்டாள். "நீதான்னு நெனக்கறேன்." "ஸ்கூல் புள்ளைங்க ஓடுனப்ப?" "நீதான்." அவள் தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள், புதிதாக யாரோ வாங்கிக் கொடுத்த மாதிரி. "எடது காலு நல்லாருக்குது, பிரேக் மேல வெச்சுக்கறேன். ஆனா அது கிளட்சுக் காலு. அதை நம்பாதே. எடு வண்டிய."

எடுத்தாள். திரும்புகிற இடத்தில் நின்று, ரெண்டு பக்கமும் பார்த்து, லாரி போகக் காத்திருந்து, திரும்பினாள். இந்தத் தடவை லாரியைப் பார்த்துக் கத்தவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நாச்சிமுத்து கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் காலைப் பார்த்தார். அவள் கண் ரோட்டில் இருந்தது, காலுக்குத் தானாகத் தெரிந்தது. குறைக்க வேண்டிய இடத்தில் குறைந்தது. நல்ல கால். நரம்பு எங்கே கிளம்பி எங்கே வருகிறது, எத்தனை எலும்பு தாண்டி, எந்தப் பிதுக்கத்தின் ஓரமாக உரசி வந்து, ஒரு கட்டைவிரலைத் தூக்குகிறது. இத்தனை வருஷம் அதன்மேல் உட்கார்ந்து சம்பாதித்தும் அதை ஒரு நாள் நினைத்ததில்லை. திரும்ப வருமா? பொடியன் வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. ஒத்திப்போடாதே என்றுதான் சொன்னான். விடியும்போது நின்றது, இன்னும் வெயில் ஏறவில்லை. ஒத்திப்போடவில்லை. வராவிட்டால் குச்சி. குச்சியோடு இந்த சீட்டில் உட்கார முடியாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவில் போகிற வண்டியையெல்லாம் திட்டலாம். அதற்கு இன்னும் வயசாகவில்லை. வரும். வரவில்லை என்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். "மூணாவதுக்குப் போ." "ரெண்டுலயே போயிக்கறேனுங்க." "எஞ்சின் கத்துது. போ." போனாள். ஒரு தடவைகூட அவருடைய இடது காலுக்கு வேலை வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் விசில் அடித்து எல் போர்டை ஓரம் காட்டினார். கோகிலவாணி அதைக் கவனிக்காமல் நேராகப் படிக்கட்டு வரைக்கும் கொண்டுபோய், மெதுவாக, ஒரு குலுக்கல் இல்லாமல் நிறுத்தினாள். நாச்சிமுத்து கதவைத் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலைத் தூக்கி வெளியே வைத்தார். காவல்காரர் ஓடிவந்து தோள் கொடுத்தார். வேறு நாளாக இருந்தால் தட்டிவிட்டிருப்பார். இன்றைக்குப் பிடித்துக்கொண்டார். அவசரப் பிரிவு மேஜையில் இருந்த நர்ஸ் பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "என்னங்கய்யா பண்ணுது? எங்க வலிக்குது?" "வலிக்கல." "வலிக்கலைங்களா? கீழ விழுந்தீங்களா?" "விழல." "பின்ன எதுக்குங்க வந்தீங்க?" பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். நாச்சிமுத்து மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார். "நேத்து ராத்திரி வரைக்கும் வலிச்சுது. விடிஞ்சா நின்னுபோச்சு. அதான் வந்தேன்." அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரைக்கு அந்தப்பக்கம் பேனா வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. "யாரு அது?" என்றபடி பொடியன் டாக்டர் வெளியே வந்து, முகத்தைப் பார்க்காமல், வந்த வேகத்தில் அவர் வலது பாதத்தைப் பார்த்தான். "ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க" என்றான். "இனி ஒரு அடி நடக்க விடாதீங்க."